பக்கவாத்தியக் கலையும் எல்லை கடந்த வில்லும்: எல். சங்கரின் வயலின் இசைப்பயணம் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து அமெரிக்காவில் நிலைகொண்ட வயலின் கலைஞர் எல். சங்கர் (பி. 1950), கருநாடக இசை, ஜாஸ், ராக், திரைப்படப் பின்னணி இசை எனப் பல தளங்களில் இயங்கியவர். அவரது பணி ‘கலப்பிசை’ என்னும் ஒற்றைச் சொல்லால் புகழப்படுவதும் ஒதுக்கப்படுவதுமாகவே இருந்துவந்துள்ளது. அவருடைய பன்முக ஆற்றல் மரபிலிருந்து விலகியதன் விளைவு என்னும் பொதுக் கருத்தை இக்கட்டுரை மறுக்கிறது. கச்சேரி மேடையின் பக்கவாத்தியப் பயிற்சியே அவ்வாற்றலின் ஊற்று என்பதை அவரது ஒலிப்பதிவுகளின் வழி நிறுவ முற்படுகிறது. ஹங்கேரிய வயலின் மரபு ஒப்புநோக்குக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வயலின், பக்கவாத்தியம், எல். சங்கர், சக்தி குழு, இரட்டை வயலின், நொட்டு ஸ்வரம்

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் வழிபாட்டு முறைமையில் நாகசுரத்திற்கும் தவிலுக்கும் இடம் உண்டு. ஓதுவாரின் தேவாரத்திற்கும் இடம் உண்டு. வயலினுக்கு அங்கு மரபுரிமையான பணி எதுவும் இல்லை. ஆயினும் அத்தலத்தைப் பாடும் கீர்த்தனைகளுள் புகழ்பெற்றதான ‘அருணாசலநாதம்’, வயலினை இம்மண்ணுக்குக் கொணர்ந்த குடும்பத்தின் படைப்பாகும். பஞ்சபூதத் தலங்களைப் பாடிய முத்துசுவாமி தீட்சிதர், அக்கினித் தலமாகிய திருவண்ணாமலைக்கெனச் சாரங்க இராகத்தில் அதனை அமைத்தார். அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றவர். பின்னர் எட்டயபுர அரசவையை அணிசெய்தவர்.

இவ்விரு செய்திகளையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது பயனுடையது. நாகசுரத்திற்குத் தெருவும் திருவிழாவும் காலமும் இராகமும் வகுக்கப்பட்டுள்ளன. வயலினுக்கு அத்தகைய வரையறை எதுவும் வகுக்கப்படவில்லை. வந்தேறியாகிய அக்கருவி பாடுவோரின் அருகில் அமர்ந்து, அவர் போகும் வழியில் போகக் கற்றுக்கொண்டது. தனக்கென இடமில்லாத கருவி எங்கும் இடம் தேடிக்கொண்டது எனலாம். எல். சங்கரின் வாழ்வை மதிப்பிடுவதற்கு இந்தத் தொடக்க நிலையை மனத்திற்கொள்வது இன்றியமையாதது.

தீட்சிதர் குடும்பமும் முதல் எல்லைக் கடப்பும்

பிற இசை வகைகளோடு உறவாடுவதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரிய புதுமையாகக் கருதும் போக்கு ஆய்வாளரிடையேயும் காணப்படுகிறது. தீட்சிதரின் நொட்டு ஸ்வரங்கள் இக்கருத்துக்கு நேர் மறுப்பாகும். சென்னைக் கோட்டையைச் சார்ந்த ஐரோப்பிய வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்த சிறு பாடல்கள் அவை. ஏறத்தாழ நாற்பது கிடைத்துள்ளன. ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டில் அமைந்ததும் அவற்றுள் ஒன்று. சங்கராபரணத்தின் சுர வரிசையில் இயங்கினும், அவற்றில் அந்த இராகத்தின் கமகங்களை எதிர்பார்க்க இயலாது. தீட்சிதர் மேலை மெட்டைக் கமகமிட்டு மூடவில்லை என்பது கருதத்தக்கது. மெட்டு மெட்டாகவே நின்றது. சாகித்தியம் மட்டும் அதன்மீது ஏறியது.

வயலினோ வேறு வழியில் சென்றது. கருவி அப்படியே வந்தது. இசைக்கும் முறை முற்றிலும் மாறியது. நின்றவாறு தாடையில் இடுக்கி வாசிக்கும் ஐரோப்பிய முறை கைவிடப்பட்டு, அமர்ந்து, சுருள்தலையைக் கணுக்காலில் ஊன்றும் முறை உருவாயிற்று. கருவியைத் தாங்கும் பொறுப்பினின்று இடக்கை விடுபட்டமையால் விரல்கள் தந்தியின் நீளம் முழுவதும் வழுக்கிச் செல்ல முடிந்தது. தந்திகள் சட்சமம், பஞ்சமம், மீண்டும் சட்சமம், பஞ்சமம் எனச் சுருதி கூட்டப்பட்டன. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, சுவாதித் திருநாளிடமிருந்து 1834இல் தந்த வயலினைப் பரிசாகப் பெற்ற காலத்திற்குள் அக்கருவி தென்னிந்தியக் கருவியாகவே ஆகிவிட்டது.

யாழ்ப்பாணம்

சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றினார். வயலினைத் தனி வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்பது அவரது வாழ்நாள் நோக்கம். தாய் சீதாலட்சுமியும் இசையறிந்தவர். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகிய மூவரும் தந்தையிடமே கற்று, பின்னர் மும்மை வயலின் கச்சேரிகளும் நிகழ்த்தினர். 1958ஆம் ஆண்டு இலங்கையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறையையடுத்து இக்குடும்பம் உடைமைகளை இழந்து சென்னைக்குத் திரும்பியது.

இவர்களைப் பற்றிய ஆங்கில எழுத்துகள் இந்நிகழ்வை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தமிழ் எழுத்துகளும் பெரிதும் அவ்வாறே. எட்டு வயதுச் சிறுவனின் இசைக்கல்வி ஒரு நகரிலிருந்து வேரோடு பெயர்க்கப்பட்டது என்பது வெறும் வாழ்க்கைக் குறிப்பு ஆகாது. கடல் கடந்து நிலைபெற்றிருந்த கருநாடக இசைப் பயிற்சி மரபு ஒன்றின் வரலாறும் அதில் அடங்கியுள்ளது. ஈழத்து இசைக் கல்வி வரலாற்றில் இக்குடும்பத்தின் இடம் தனியே ஆராயப்பட வேண்டியது.

பக்கவாத்தியம்: ஆய்வேடும் அனுபவமும்

1969இல் அமெரிக்கா சென்ற சங்கர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இன இசையியல் பயின்று 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள், தென்னிந்திய வாய்ப்பாட்டிசையில் வயலின் பக்கவாத்தியக் கலை. சிலப்பதிகார இசை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்த எஸ். இராமநாதன் கற்பித்ததும், இராமநாதபுரம் வி. இராகவன் மிருதங்கம் பயிற்றுவித்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான். இராமநாதனிடம் வீணை கற்க அங்கு வந்தவர்களுள் ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் ஒருவர். சக்தி குழுவின் பிறப்பிடத்தைத் தேடுவோர் ராக் மேடைகளையே நோக்குவர்; தமிழிசை ஆய்வு நிகழ்ந்த ஒரு வகுப்பறையையும் அவர்கள் நோக்க வேண்டும்.

தனி வாத்தியத்தை இலக்காகக் கொண்ட தந்தையின் மகன் பக்கவாத்தியத்தை ஆய்வுப்பொருளாகத் தேர்ந்தமை கவனத்திற்குரியது. அக்கலையின் இயல்பைச் சுருங்கக் காண்பது இங்குத் தேவையாகிறது. ஆலாபனையில் வயலின், பாடகரின் சொற்றொடரை ஒரு நொடி பின்தங்கி நிழல்போல் தொடர்கிறது. பாடகர் நிறுத்துமிடத்தில் தொடரின் இறுதியை ஏந்தி இடைவெளியை நிரப்புகிறது. பாடகரின் ஆலாபனை முடிந்ததும் அவர் காட்டிய இராக வடிவுக்குள் நின்று, ஆயின் அவர் சொன்னதையே சொல்லாமல், தன் பங்கை வழங்குகிறது. நிரவலிலும் கற்பனை சுரத்திலும் முன்கூட்டி அறியாத கணக்குக்கு அக்கணமே விடை தர வேண்டியுள்ளது. இன்று ஒரு பாணிப் பாடகர், நாளை வேறொரு பாணிப் பாடகர். பெரும்பாலும் ஒத்திகையும் கிடையாது. மாற்றாரின் மனப்போக்கைக் கேட்டறிந்து உடனுக்குடன் எதிர்வினையாற்றும் இப்பயிற்சியைவிடச் சிறந்த முன்தயாரிப்பு பிற இசை வகைகளுக்குள் நுழைவோர்க்கு வேறொன்று இருக்க இயலாது.

சக்தி: யார் யாரிடம் சென்றது?

1975 ஜூலையில் அமெரிக்காவின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியே சக்தி குழுவின் முதல் இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. வயலினில் சங்கர், கித்தாரில் மெக்லாக்லின், தபலாவில் சாகிர் உசேன், கடத்தில் டி. எச். விக்கு விநாயகராம், மிருதங்கத்தில் இராகவன். அடுத்த இரு தட்டுகளில் மிருதங்கம் இல்லை; நால்வரே குழுவாயினர்.

இக்குழுவைக் கிழக்கும் மேற்கும் சரிபாதியாகக் கலந்த கலவை என்பர். ஒலிப்பதிவைக் கூர்ந்து கேட்போர்க்கு இக்கூற்று பொருந்தாது. மேலை இசையின் உயிர்நாடியாகிய சுர அடுக்கு நகர்வு இங்குப் பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. ஆதார சுருதி நிலைத்து நிற்கிறது. தாள ஆவர்த்தனம் ஆள்கிறது. மெக்லாக்லின் தம் கித்தாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்து, தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பெற வழிகண்டார். அனுதாப அதிர்வுத் தந்திகளையும் சேர்த்தார். கருவியே மாற்றப்பட்டது மேலைத் தரப்பில்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் வயலின் இங்கு வந்து உட்காரக் கற்றது. இப்போது கித்தார் அதன் அருகில் வந்து உட்கார்ந்தது.

முதல் தட்டின் தொடக்கப் பகுதியில் வயலினும் கித்தாரும் மாறி மாறித் தொடர்களைச் சுருக்கிக்கொண்டே சென்று இறுதியில் ஒன்றுகூடும் இடம், கச்சேரியின் குறைப்பு முறையை நினைவூட்டுவது. இங்குச் சங்கரின் சிறப்பு வேகத்தில் இல்லை. வேகம் இருவரிடமும் உண்டு. கித்தாரின் தொடர் எங்கு முடியும் என்பதை முன்னுணர்ந்து அதன் இறுதிச் சுரத்தையே தம் தொடரின் முதற்சுரமாக ஏற்கும் நுட்பத்தில்தான் அது வெளிப்படுகிறது. பாடகரின் இடத்தில் கித்தார். மற்றவை யாவும் பக்கவாத்தியக்காரரின் பழைய வேலைதான்.

ஆயினும் சமன்மை பற்றிய வினா எஞ்சுகிறது. முதல் தட்டு மெக்லாக்லினின் பெயரைத் தனியே சுட்டும் தலைப்புடனேயே விற்கப்பட்டது. இசையில் நிலவிய சமன்மை விளம்பரத்தில் இல்லை. ராக் இரசிகர்களை எதிர்பார்த்த நிறுவனத்திற்கு மின்கருவியற்ற இக்குழு இலாபம் தரவில்லை. 1977இன் மூன்றாம் தட்டுக்குப்பின் சில காலத்தில் குழு கலைந்தது. அம்மூன்றாம் தட்டில் பாடல்கள் சுருங்கியதற்கும் விற்பனைக் கவலைக்கும் தொடர்பு இருக்கக்கூடும். இழந்தது ஆலாபனைக்குரிய அவகாசம்.

பத்துத் தந்திகள்

1979இல் ஃபிராங்க் ஜாப்பாவின் தயாரிப்பில் வெளிவந்த ராக் பாணித் தனித்தட்டு, சங்கரின் பணிகளுள் வலுக் குன்றியது. அங்கு வயலின் பாடலுக்குப் பூச்சூட்டும் வேலையையே செய்கிறது. கேட்டு விடைசொல்ல எதிரில் ஆள் இல்லை. பக்கவாத்தியக்காரருக்கு உரையாடல் வேண்டும். முன்பே அளந்து வைத்த இடைவெளியில் அவர் திறம் செல்லாது.

1980இல் உருவான இரட்டை வயலின் இதற்கு மாறான திசையைக் காட்டுகிறது. சங்கரின் வடிவமைப்பில் கருவிக் கலைஞர் கென் பார்க்கர் செய்தளித்த அம்மின்வயலின், இரு கழுத்துகளும் பத்துத் தந்திகளும் உடையது. டபுள் பாஸ், செல்லோ, வியோலா, வயலின் ஆகிய நான்கின் சுர எல்லையையும் ஒருவரே ஆள அது வழிவகுத்தது. தமிழ் வாசகர்க்கு இங்கு மைசூர் சௌடையாவின் ஏழு தந்தி வயலின் நினைவுக்கு வரும். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெருங்கூட்டத்தின் கடைசி வரிசைவரை நாதம் எட்ட வேண்டி, சௌடையா தந்திகளை இரட்டித்தார். மின்விசை ஒலியளவைத் தீர்த்துவிட்ட காலத்தில் சங்கர் நாடியது ஆழத்தை. கீழ்த்தாயி எனப்படும் மந்திர நிலைக்கும் கீழே இறங்கி ஆலாபனை செய்ய அவருக்கு இக்கருவி இடமளித்தது. ஆண்குரலின் அடித்தளத்தையும் கடந்து இராகம் இறங்கும்போது அதன் குணம் மாறுகிறது. இம்மாற்றம் குறித்து இலக்கணம் எதுவும் இன்றுவரை எழுதப்படவில்லை.

நார்வேயின் யான் கார்பரெக்கும் டென்மார்க்கின் பாலே மிக்கெல்போர்க்கும் உடனிசைத்த 1983ஆம் ஆண்டின் ‘விஷன்’ என்னும் தட்டில் இவ்வாழத்தின் பயனும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. தாளக் கலைஞர் எவரும் தனியே இடம்பெறாத அத்தட்டில் நாதம் விரிந்துகொண்டே செல்கிறது. ஓர் இராகத்தை நிறுவும் பிடிகள் வந்து, வளராமல் கரைகின்றன. சூழலை உண்டாக்குவதே போதும் எனக் கருதுவோர்க்கு அது நிறைவளிக்கும். ஆலாபனையின் படிமுறை வளர்ச்சியை எதிர்பார்க்கும் செவிக்கு ஏமாற்றமே எஞ்சும்.

1981இல் உமையாள்புரம் கா. சிவராமனும் சாகிர் உசேனும் உடனிருக்க வெளிவந்த தட்டும், 1990இல் வெளிவந்த ‘பஞ்ச நடைப் பல்லவி’யும் இதற்கு நேர் எதிரானவை. பின்னதில் சங்கராபரணத்தை ஒன்பதரை அட்சரம் கொண்ட மகாலட்சுமி தாளத்தில் அமைத்துப் பல்லவியை ஐந்து நடைகளில் நிகழ்த்துகிறார். தீட்சிதர் மேலை மெட்டுகளை இறக்கிவைத்த அதே சுர வரிசை, மின்சாரம் ஏறிய ஐரோப்பியக் கருவியில் முழுக் கமகத்துடன் திரும்புகிறது. சாகிர் உசேனின் தபலாவும் விக்கு விநாயகராமின் கடமும் தரும் எதிர்விசையில், சங்கரின் ஆற்றல் எங்குப் பயின்றதோ அங்கேயே நிறைவும் பெறுவதைக் கேட்க முடிகிறது. 1995இல் இம்மூவர் கூட்டணியில் வந்த ‘ராக ஆபேரி’ கிராமி விருதுக்குப் பரிந்துரை பெற்றது. இத்தட்டுகள் ‘கலப்பிசை’ப் பட்டியலில் அடங்காமையால் அவரைப் பற்றிய பொதுப் பேச்சில் அருகியே இடம்பெறுகின்றன என்பது விந்தை.

ஹங்கேரியிலிருந்து ஓர் ஒப்புமை

புடாபெஸ்ட்டில் 1965இல் பிறந்த ரோபி லகாதோஷ், செவ்வியல் இசை, ஜாஸ், ஹங்கேரிய ஆடலிசை ஆகியவற்றைத் தடையின்றி இசைப்பவர். ரோமா இசைக்குடியைச் சார்ந்த அவர், யானோஷ் பிகாரியின் (1764–1827) வழிவந்தவராக அறியப்படுகிறார். பார்த்தோக் பெயரிலான இசைக் கல்லூரியில் முறையான பயிற்சி பெற்றவர். எனினும் 1986 முதல் பத்தாண்டுகள் அவர் மேடை பிரசல்ஸ் நகரின் உணவகம் ஒன்றே. அங்கு அவர் வாசிப்பைக் கேட்கச் சென்றவர்களுள் யெகுதி மெனுகினும் உண்டு. பிகாரிக்கு இசைக்குறியீடு தெரியாது; அவர் மெட்டுகளைப் பிறரே எழுதி வைத்தனர். படைக்கு ஆள்சேர்க்கும் ஆடலாயினும் பிரபுக்களின் விருந்தாயினும் கேட்போர் விரும்புவதை உடனே வாசிப்பதே அக்குடியின் தொழில். பன்முக ஆற்றல் அங்கு வயிற்றுப்பாட்டின் நிபந்தனை.

அங்கும் தூய்மை பற்றிய வழக்கு எழுந்தது. நகரக் குழுக்கள் வாசிப்பதை ஹங்கேரிய நாட்டார் இசை எனக் கொள்வது பிழை என்று பார்த்தோக் 1931இல் எழுதினார். சிற்றூர்களில் பாடல் திரட்டிய அவர் கருத்தில் உண்மை உண்டு. ஆனால் மெட்டின் பிறப்பிடத்தை ஆராயும் அளவுகோல், மெட்டை ஏந்திச் செல்லும் கலைஞரின் திறத்தை அளக்காது. தமிழ்ச் சூழலில் ‘கலப்பிசை’ என்னும் சொல் இதே பிழையைச் செய்கிறது. ‘கலப்பு’ என்றவுடன் பண்டத்தின் தூய்மையே வினாவாகிறது. கேட்டல், விடையிறுத்தல், விட்டுக்கொடுத்தல் ஆகிய செயல்கள் பார்வைக்கு வருவதில்லை. சக்தியின் இசைக்கு ‘உரையாடலிசை’ என்னும் சொல் ஓரளவு பொருந்தும்; ‘விஷன்’ போன்றவற்றுக்கு அதுவும் பொருந்தாது.

உடன்பிறந்தோர் தேர்ந்த வழிகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. மருத்துவமும் மேலை இசையும் பயின்ற எல். சுப்பிரமணியம், இசைக்குழுவுக்கென எழுதும் படைப்பாளரானார். 1985இல் சுபின் மேத்தாவின் தலைமையில் நியூயார்க் பில்கார்மோனிக் குழு அவர் படைப்பை அரங்கேற்றியது. எழுதப்பட்ட இசையில் மற்றவர் பங்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. எல். வைத்தியநாதன் (1942–2007) திரையிசைக்குச் சென்றார். ‘ஏழாவது மனிதன்’ திரைப்படத்தில் பாரதியின் பாடல்களுக்கு அவர் அமைத்த இசை இன்றும் பேசப்படுவது. தந்தை ஒருவரே, பயிற்சி ஒன்றே. உடனடி எதிர்வினை என்னும் பக்கவாத்தியக் கூற்றை வாழ்நாள் முழுதும் முதன்மையாகக் கொண்டவர் மூவருள் சங்கரே.

பெயரின் இடம்

மார்ட்டின் ஸ்கார்செஸியின் 1988ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்குப் பீட்டர் கேப்ரியல் அமைத்த இசை, ‘பேஷன்’ என்னும் தட்டாக 1989இல் வந்து கிராமி விருது பெற்றது. எகிப்து, செனகல், பாகிஸ்தான் எனப் பல நாட்டுக் கலைஞரின் ஒலிகளுக்கிடையே சங்கரின் இரட்டை வயலின் ஒலிக்கிறது. உலகெங்கும் அதைக் கேட்டோர் பலர். வாசித்தவரின் பெயரை அறிந்தோர் சிலர். கச்சேரித் துண்டறிக்கையில் பாடகர் பெயருக்குக் கீழே சிற்றெழுத்தில் அச்சாகும் வயலின்காரரின் நிலை இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. பக்கவாத்தியக் கலை அவருக்குத் திறத்தை அளித்தது. அத்திறத்திற்கு உரிய மறைவையும் உடன் அளித்தது.

1997இல் சக்தி மறுபிறப்பு எடுத்தபோது அதில் சங்கர் இல்லை, வயலினும் இல்லை. பின்னர் அவ்விடத்தில் உ. ஸ்ரீனிவாசின் மாண்டலின் ஒலித்தது. 2023இல் வெளிவந்து மறு ஆண்டு கிராமி பெற்ற ‘திஸ் மொமென்ட்’ என்னும் தட்டில் கடத்தின் மரபை விக்கு விநாயகராமின் மகன் செல்வகணேஷ் தொடர்கிறார். வயலின் மீண்டும் வருகிறது, கணேஷ் ராஜகோபாலனின் கையில். வில்லின் முதல் சில இழுப்புகளில் கித்தாரின் தொடர் முடியுமிடத்தை முன்னுணர்ந்து ஏந்திக்கொள்ளும் அதே பழக்கம் கேட்கிறது.